கொட்டகலையிலிருந்து எல்லவுக்கு ஸ்கூட்டியில் தனியாக: திரும்பும் நேரத்தை முதலில் போடுங்கள்

கேள்வி கேட்ட தங்கச்சி கொட்டகலையில் இருக்கிறார். 110 சிசி ஸ்கூட்டி. ஹட்டன் டவுனுக்கு வேலைக்குப் போய் வருவது அதில்தான். எல்லவில் ஸிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போவது) இருக்கிற ஃப்ளையிங் ராவணா சாகசப் பூங்காவுக்குப் போக கூட்டாளிமார் நாள் குறிப்பதும் கடைசி நேரத்தில் கைவிடுவதுமாக இருக்கிறார்களாம். தனியாகவே போய் அன்றைக்கே திரும்பலாமா, இல்லாவிட்டால் கீழே ஹங்வெல்ல லெஷர் வேர்ல்ட் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவது சுகமா, அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்கிறார்.

போகலாம் தங்கச்சி, தாராளமாகப் போகலாம். அன்றைக்கே திரும்புகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டில் வேன் ஓட்டுவதுதான் என் பிழைப்பு. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எல்லவா ஹங்வெல்லவா என்பதை முடித்துவிடுவோம். தூரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 90, 100 கிலோமீட்டர். ஹங்வெல்ல போவதென்றால் ஹட்டன், வட்டவளை, கினிகத்தேன, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று ஒரே இறக்கம். காலையில் ஜாலியாக இருக்கும். ஆனால் திரும்பும்போது நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிக் களைத்த உடம்போடு, அவிசாவளைச் சூட்டிலிருந்து கினிகத்தேன மழைக்குள் ஏறி வரவேண்டும். வட்டவளை நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதோடு தண்ணீர்ப் பூங்கா கூட்டத்தோடு போய்க் கும்மாளம் போடுகிற இடம். தனியாகப் போனால் பாதி நேரம் பையும் போனும் பத்திரமாக இருக்கிறதா என்றே மனசு ஓடும். ஸிப்லைன் அப்படியில்லை. பத்துப் பேரோடு போனாலும் கம்பியில் தொங்கும்போது நீங்கள் தனிதான். அதனால் என் ஓட்டு எல்லவுக்கு.

இப்போது நேரக் கணக்கு. எங்கே போவதென்றாலும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். மலை ரோட்டில் கணக்கைக் கடைசியிலிருந்து போடவேண்டும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு நுவரெலியா, நானுஓயாப் பக்கம் பனி இறங்கினால் முன்னால் போகும் பஸ்ஸின் பின் லைட்கூடத் தெரியாது. ஆகவே நாலரைக்கு முன்னால் நானுஓயாவைத் தாண்டியாக வேண்டும். அப்படியென்றால் எல்லவிலிருந்து ஒன்றரைக்காவது கிளம்ப வேண்டும். காலையில் ஆறு மணிக்குக் கொட்டகலையை விட்டால், நடுவில் ஒரு பிளேன்டீ, இடுப்பு நிமிர்த்த இரண்டு நிறுத்தம் சேர்த்து, எல்ல போய்ச் சேர பத்து மணி ஆகும். ஏழரை எட்டு மணிநேரம் ஸ்கூட்டி சீட்டில், மூன்றரை மணிநேரம் பூங்காவில். அந்த மூன்றரை மணிநேரத்திலும் வரிசை, பதிவு, சாப்பாடு எல்லாம் அடங்கும். இதற்கா இவ்வளவு தூரம்? ஒரு ராத்திரி பண்டாரவளையில் தங்குங்கள். மறுநாள் காலையில் வெயிலோடு திரும்பலாம்.

எந்த மாதம் என்பதையும் யோசிக்க வேண்டும். நம் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. தலவாக்கலையில் கொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஹக்கல தாண்டி ஊவா மாகாணப் பக்கம் இறங்கினால் அதே நேரத்தில் காய்ந்த காற்று வீசும். மழையை எல்லாம் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்வதால் அந்தப் பக்கத்துக்கு வெறும் காற்றுத்தான் மிச்சம். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை நல்ல விலை போவதும் அந்தக் காய்ந்த காற்றால்தான். ஆகவே ஜூலை, ஓகஸ்ட்டில் கொட்டகலையில் மழையைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்துச் செய்யவேண்டாம். பண்டாரவளையில் யாரையாவது தெரிந்தால் போன் போட்டுக் கேளுங்கள். ஆனால் காற்று பலமாக இருந்தால் கம்பியில் ஆள் விடமாட்டார்கள், அதையும் பூங்காவுக்கு அடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் காலை பளிச்சென்று இருந்துவிட்டுப் பின்னேரம் இடி மின்னலோடு வரும். மின்னல் என்றாலும் ஸிப்லைன் நிற்கும், எனவே காலையிலேயே ஏறிவிட வேண்டும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பேன். ஊவாவுக்கு அப்போதுதான் பெருமழை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று நாம் எல்லாரும் பார்த்தோம். சரிவு கண்ட மண் அடுத்த மழைக்கும் சரியப் பார்க்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகப் போடும். உங்கள் வழியில் வெலிமடை, பண்டாரவளை, எல்ல மூன்றில் ஒன்றுக்காவது மஞ்சள் விழுந்தாலே நாளை மாற்றுங்கள். 117க்கு அடித்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் ரோட்டு நிலவரம் கேட்கலாம்.

ஏப்ரல் நடுவில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. பௌர்ணமிப் போயா சேர்ந்த நீண்ட விடுமுறையும் அப்படியே. செவ்வாய், புதனில் லீவு கிடைத்தால் எடுங்கள்.

இனி வண்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏறுவதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், எல்ல 1041 மீட்டர். ஹக்கலவிலிருந்து கெப்பெட்டிபொல வழியாக வெலிமடைக்கு நீளமான இறக்கம். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் என்ஜினே பாதிப் பிடியைப் பிடிக்கும். ஸ்கூட்டியில் அந்த வசதி இல்லை. அக்ஸிலேட்டரை விட்டால் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் தானாக விடுபட்டுவிடும். அதற்குப் பிறகு வண்டி சும்மா உருளும், முழுப் பாரமும் பிரேக்கில். ‘மெதுவாகத்தானே போகிறேன்’ என்று நடக்கிற வேகத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகிறவர்களுக்குத்தான் பிரேக் சூடாகிக் காலை வாருகிறது.

செய்யவேண்டியது இது. இருபது, இருபத்தைந்து வேகத்தில் என்ஜின் பிடியோடு இறங்குங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, உடனே கையை எடுங்கள். விட்டு விட்டுப் பிடித்தால் பிரேக் ட்ரம் ஆற நேரம் கிடைக்கும். வேகம் மிகவும் குறைந்து வண்டி உருளுகிற மாதிரி இருந்தால் அக்ஸிலேட்டரை ஒரு சொட்டுத் திருகி விடுங்கள், கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும். லீவர் வழக்கத்தைவிட ஹேண்டிலுக்குக் கிட்ட வருகிறது, கருகின மணம் அடிக்கிறது என்றால் ஓரமாக நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம். பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டுகிற பழக்கம் நம் பையன்மாரிடம் உண்டு. அதை நீங்கள் செய்யவே கூடாது.

கிளம்புவதற்கு ஒரு கிழமை முன்னால் கராஜில் காட்டி பிரேக் ஷூ, டயர், பெல்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் டிஸ்க் என்றால் பிரேக் எண்ணெய் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். பழைய எண்ணெய் சூட்டில் கொதித்துவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். அதே நாளில் மாற்றிவிட்டு அதே நாளில் கிளம்பாதீர்கள். புது ஷூ பதிய நாலைந்து நாள் ஹட்டனுக்கு ஓடட்டும்.

ரோட்டுக்கு வருவோம். கொட்டகலையிலிருந்து டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைத் தாண்டி தலவாக்கலை வரை உங்களுக்குப் பழக்கமான வழி. அதற்கு அப்புறம் ரதெல்லவில் குறுக்கு வீதி பிரியும். நானுஓயாவுக்குத் தூரம் குறைகிறது என்று ஆசை காட்டும். 2023 ஜனவரி 20ஆம் திகதி பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று அந்தச் சரிவில் வேனோடும் ஆட்டோவோடும் மோதி 7 பேர் இறந்தது அங்கேதான். பெரிய வண்டிகளுக்கு அந்த வழி தடை. ஸ்கூட்டிக்குத் தடையில்லை என்றாலும் நீங்கள் பிரதான வீதியிலேயே போங்கள். அதிகமாக ஆகப்போவது கொஞ்ச நேரம்தான்.

நானுஓயாவிலிருந்து ஏறும்போது இழுவை குறைந்தது போலிருக்கும். வண்டியில் கோளாறு என்று பயப்படவேண்டாம், உயரத்தில் காற்று லேசு, என்ஜினுக்கு மூச்சு வாங்கும். காலை ஏழு மணிக் குளிரில் விரல் விறைத்தால் பிரேக் லீவரை அழுத்தவே நேரமெடுக்கும். கையுறை போடுங்கள். ஜெர்சிக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் நெஞ்சுக்கு நேராக ஒரு பழைய பத்திரிகையை மடித்துச் செருகுங்கள். கொழுந்து லொறி ஓட்டுகிற அண்ணன்மார் பைக்கில் போகும்போது செய்கிற வேலை இது, எந்த விலை ஜாக்கெட்டும் அதற்கு ஈடாகாது. நுவரெலியாவில் நிறுத்திச் சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் போங்கள்.

நுவரெலியாவைத் தாண்டி சீத்தா எலியவில் ரோட்டோரமாகவே சீதை அம்மன் கோவில். நிறுத்திக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு படம் அனுப்புங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடுத்து ஹக்கல பூங்கா, அதற்குப் பிறகு நான் சொன்ன இறக்கம். இந்தத் துண்டில் உங்களுக்கு எதிரி மரக்கறி லொறி. கெப்பெட்டிபொலவில் பொருளாதார மத்திய நிலையம் இருப்பதால் பாரம் ஏற்றின லொறிகள் வந்து போனபடி இருக்கும். லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். தோட்டத்து மண்ணும் லீக்ஸ் இலையும் ரோட்டில் கொட்டிக் கிடந்தால், ஈரத்தில் எண்ணெய் ஊற்றினதுபோல வழுக்கும். வளைவில் ஹோர்ன் அடியுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். பனிக்குள் மாட்டிக்கொண்டால் லைட்டை டிம்மில் வையுங்கள், ஃபுல் லைட் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

வெலிமடையிலிருந்து பண்டாரவளை சுமாரான ரோட்டு, ஏறி இறங்கும். பெற்றோல் ஷெட் தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை எல்லா டவுனிலும் உண்டு. ஆனாலும் பாதி டேங்கில் நிரப்பிவிடுங்கள். பண்டாரவளையிலிருந்து பதுளை ரோட்டில் போய் கும்பல்வெல சந்தியில் வலது பக்கம் திரும்பினால் எல்ல.

எல்ல டவுனுக்குள் போனதும் ஊர் மாறிவிட்டதுபோல இருக்கும். பாதிப் பேர் வெள்ளைக்காரர், அதில் பாதிப் பேர் வாடகை ஸ்கூட்டியில் போன வாரம்தான் பழகினவர்கள். அவர்களிடம் கவனம். பசறை ரோட்டில் திரும்பி லிட்டில் அடம்ஸ் பீக் போகிற பக்கம் போனால் பூங்கா. அங்கே முக்கியமான ஐட்டம் தேயிலை மலைக்கு மேலால் அரைக் கிலோமீட்டருக்கும் கூடின நீளத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இரண்டு கம்பி. தனியாகப் போனால் ஜோடி இல்லையே என்று யோசிக்கவேண்டாம், பக்கத்துக் கம்பியில் யாரோ ஒரு ஜெர்மன்காரி வருவாள், அதுவும் ஒரு தமாஷ்.

உடுப்பில் கவனம் வேண்டும். இடுப்பிலும் தொடையிலும் பட்டி போட்டு இறுக்குவார்கள், எனவே பாவாடை, சோல் எல்லாம் சரிவராது. ஜீன்ஸ், ஷூ, தலைமுடியை இறுக்கிக் கட்டின பின்னல். போனை ஸிப் போட்ட பொக்கெட்டில் வையுங்கள். கையில் பிடித்து வீடியோ எடுக்கிறேன் என்று போனால் போன் தேயிலைச் செடிக்குள்தான். பட்டி மாட்டின பிறகு ஒவ்வொரு கொக்கியையும் அவர்கள் இழுத்துப் பார்க்கிறார்களா என்று நீங்களும் பாருங்கள், பார்க்கவில்லையென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். எடைக்கு எல்லை உண்டு. இருதயம், முதுகு, கர்ப்பம் சம்பந்தப்பட்ட விஷயம் எதையும் மறைக்கவேண்டாம். அடையாள அட்டையைக் கையோடு வையுங்கள், எல்லப் பக்கம் பல இடங்களில் உள்ளூர் விலை வேறு, வெளிநாட்டு விலை வேறு. கம்பியிலிருந்து இறங்கினதும் உடனே ஸ்கூட்டியில் ஏறவேண்டாம். படபடப்பில் கை கொஞ்சம் நடுங்கும், அந்த நேரத்து வேகம் நல்லதல்ல. லிட்டில் அடம்ஸ் பீக்கில் நடந்து ஏறிவிட்டு வாருங்கள், 1141 மீட்டர்தான், செருப்போடு பிள்ளைகள் ஏறுகிற மலை.

மிச்ச நேரத்தில் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்கலாம். 1921இல் கட்டி முடித்த பாலம், இப்போதும் தண்டவாளம் அதன் மேலேதான். பாலத்தில் நின்று செல்பி எடுப்பதற்கு முன்னால் பக்கத்துக் கடைக்காரரிடம் ரயில் நேரம் கேளுங்கள். ராவணா நீர்வீழ்ச்சிக்கு மட்டும் ஸ்கூட்டியில் இறங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். எல்ல-வெல்லவாய ரோட்டில்தான் 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி ராத்திரி பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். பகலில் ஆட்டோ ஒன்று பேசிக்கொண்டு போய் வாருங்கள், முன்கூட்டியே விலை பேசி.

தங்குவதற்கு எல்லவை விடப் பண்டாரவளையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லவில் விலை வெளிநாட்டுக்காரருக்கு ஏற்ற விலை, ராத்திரி பன்னிரண்டு மணி வரை பாட்டுச் சத்தம். பண்டாரவளை சாதாரண டவுன். தமிழ் பேசுகிற கடைகள் இருக்கின்றன, சோறு கறி நியாய விலைக்குக் கிடைக்கும், மறுநாள் திரும்பும் வழியிலும் அதுதான். குடும்பம் நடத்துகிற வீட்டு விடுதியாகப் பாருங்கள். முன்னமே போன் போட்டு, ஒரு பெண் தனியாக வருகிறேன், ஸ்கூட்டியைக் கேட்டுக்குள் விட இடம் உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்கார அம்மாவே போனை எடுத்துப் பேசினால் பாதிக் கவலை தீர்ந்தது. இருட்டுவதற்கு முன்னால் ரூமுக்குப் போய்விடுங்கள்.

அம்மா விஷயம். பயப்படாதீர்கள் என்று சொன்னால் எந்த அம்மாவும் பயத்தை விடமாட்டார். அவருக்கு வேண்டியது எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்கிற கணக்கு. ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: ஏழரைக்கு நுவரெலியா, எட்டு மணிக்குக் கோவில், எட்டே முக்காலுக்கு வெலிமடை, ஒன்பதரைக்குப் பண்டாரவளை, பத்துக்கு எல்ல. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஒரு மிஸ்ட் கோல். கோவில் படத்தை அனுப்பச் சொன்னது அதற்குத்தான். அந்தப் படம் போய்ச் சேர்ந்தால் மகள் நல்லபடியாகப் போகிறாள் என்று அவருக்கு ஒரு நிம்மதி. மலை மறைப்பில் சில இடங்களில் சிக்னல் போகும், அரை மணிநேரம் பிந்தினால் பதற வேண்டாம் என்பதையும் முதலே சொல்லிவையுங்கள். தங்குகிற வீட்டு நம்பரையும் அவரிடம் கொடுங்கள். உங்கள் போனிலும் ஹெல்மெட்டுக்குள் ஒட்டின காகிதத்திலும் 1990 இருக்கட்டும், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பொலிஸ் 119. யாராவது தொல்லை கொடுத்தால் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது. லைசன், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். மழைக்கோட் சட்டை வேறு காற்சட்டை வேறாக உள்ளதை வாங்குங்கள். போர்வை மாதிரித் தொங்குகிறது காற்றில் பறந்து சில்லில் மாட்டும்.

அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், வருகிற ஞாயிறு ஹக்கல வரை மட்டும் போய் பூங்காவைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்புங்கள். உங்களுக்கும் வண்டிக்கும் அது நல்ல ஒத்திகை. நானுஓயா ஏற்றத்தில் வண்டி எப்படி இழுக்கிறது, திரும்பி இறங்கும்போது பின் பிரேக் எவ்வளவு சூடாகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். சூடு அதிகம் என்றால் எல்லவுக்கு முன்னால் இன்னொரு தடவை கராஜுக்குப் போங்கள்.